எண்வரிசையும் உள்வரிசையும்: ஒரு வரலாற்று நோக்கு

உயர்தர வகுப்பிற் கணிதத்தைத் திறம்படக் கற்றுப் பல்கலைக்கழகம் புகும் மாணவர் பலர், முதலாண்டிலேயே இடறி நிற்கும் துறை ஒன்றுண்டு. அதுவே மெய்யெண் பகுப்பாய்வு. அதுகாறும் அவர் கற்ற கணக்கெல்லாம் விடை காணும் கணக்கு. பகுப்பாய்விலோ விடை காண்பதன் முன்னர், விடையென ஒன்று உளதா என்னும் வினா எழுகின்றது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1952ஆம் ஆண்டிற் பேராதனைக்குப் பெயர்ந்தது. அங்கு விஞ்ஞான பீடம் 1961இல் அமைந்தது. அன்று தொட்டுக் கண்டி மலைச்சாரலிற் கணிதம் பயின்ற ஒவ்வோர் ஆண்டு மாணவரும் எண்வரிசை, உள்வரிசை, எல்லை என்னும் மூன்று சொற்களோடு போராடியே மேற்சென்றனர்.

இச்சொற்கள் ஐரோப்பிய அறிஞர் சிலர் அறைக்குள்ளிருந்து புனைந்தவை என்றும், எம்மவர் வாழ்வோடு அவற்றுக்குத் தொடர்பில்லை என்றும் மாணவர் எண்ணுதல் இயல்பு. இதற்கு மாறாக, எல்லாம் பண்டே எம்மவர் கண்டனவே என்று பெருமிதங் கொள்வாரும் உளர். இவ்விரு கொள்கையும் வரலாற்றின்முன் நில்லா. எம்மவர் கண்டது யாது, அவர் கேளாது விட்ட வினா யாது என்பதைப் பிரித்தறிதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொற்பொருளை வரையறுத்துக் கொள்ளல் வேண்டும். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று இடங் குறித்து, முடிவின்றி ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தப்பட்ட எண்களே எண்வரிசை. அதனின்று சிலவற்றைத் தெரிந்தெடுத்து, முன் நின்றது முன்னும் பின் நின்றது பின்னுமாக நிறுத்தினால் வருவது உள்வரிசை. தெரிந்தெடுப்பதில் விதி இரண்டே. ஒழுங்கை மாற்றலாகாது, எடுப்பதை ஓரிடத்தில் நிறுத்திவிடலாகாது. இடையில் எத்தனை உறுப்பைத் தாண்டிச் செல்வது என்பது எடுப்போன் விருப்பம்.

கண்டி மக்கள் இத்தகைய தெரிந்தெடுப்பை ஆண்டுதோறும் கண்ணாற் காண்கின்றனர். நாட்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவற்றுள் முழுமதி நாட்களை மட்டும் எடுத்தால் அஃது ஓர் உள்வரிசை. அம்முழுமதி நாட்களுள்ளும் நிக்கினிப் போயா நாட்களை மட்டும் எடுத்தால், அஃது உள்வரிசையின் உள்வரிசை. தலதா மாளிகையினதும், நாதர், விஷ்ணு, கதிர்காமத் தெய்வம், பத்தினி ஆகியோரின் நான்கு தேவாலயங்களினதும் ஊர்வலங்கள் ஒன்றுகூடும் எசல பெரஹரா அந்நிக்கினி முழுமதியையொட்டியே நிறைவெய்துகின்றது. பின்னர் கெட்டம்பேயில் மகாவலி கங்கையில் நீர்வெட்டுச் சடங்கு நிகழும். ஒரு நிக்கினிப் போயாவிலிருந்து அடுத்த நிக்கினிப் போயா வரையுள்ள நாட்களை எண்ணினால், பன்னிரண்டு மதிமாதங் கொண்ட ஆண்டில் ஏறத்தாழ 354 நாளும், மிகைமாதம் புகும் ஆண்டில் ஏறத்தாழ 384 நாளும் வரும். இவ்வெண்கள் ஒரு வரம்புக்குள் அடங்கியே நிற்கும். ஆயின் எந்த ஓரெண்ணையும் அணுகிச் சென்று அமைவதில்லை.

இதனினும் தெளிவான எடுத்துக்காட்டை இலங்கையின் அண்மைக்கால வரலாறே அளித்தது. 1966ஆம் ஆண்டு தொடக்கம் 1971 வரை இந்நாட்டில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நீக்கப்பட்டு, மதியின் நான்கு கால்களையும் குறிக்கும் போயா நாட்களே வாரவிடுமுறையாக விளங்கின. மதியின் ஒரு சுற்று, அஃதாவது முழுமதி தொட்டு முழுமதி வரை, சராசரியாக 29.5306 நாள். அதன் காற்பங்கு 7.3826 நாள். அரைகுறை நாளை விடுமுறையாக்குதல் இயலாதாகலின், 7 நாளில் முடியும் வாரமும் 8 நாளில் முடியும் வாரமும் கலந்து வந்தன. பள்ளிகளும் வங்கிகளும் தோட்டங்களும் சந்தைகளும் இம்மாறும் வாரத்துக்கேற்பத் தம் நாட்குறிப்பை அமைக்க வேண்டியதாயிற்று. 1971இல் ஏழு நாள் வாரம் மீண்டது. முழுமதிப் போயா மட்டும் பொதுவிடுமுறையாக நிலைத்தது.

இப்போயா வாரங்களின் நீளத்தை ஓர் எண்வரிசையாகக் கொண்டு, அம்முறை முடிவின்றித் தொடர்ந்ததாகக் கருதுக. 7 வரும் இடங்களை மட்டும் எடுத்தால் வரும் உள்வரிசை 7, 7, 7 என்று நிலைத்து நிற்கும். 8 வரும் இடங்களை எடுத்தால் 8, 8, 8 என்று நிற்கும். இரண்டும் தத்தம் எல்லையை உடையன, எல்லைகளோ வேறு. ஆகவே முழுவரிசைக்கு எல்லை இல்லை. இதன் காரணம் எளிது. ஒரு வரிசை ஓர் எண்ணை எல்லையாகக் கொண்டு ஒருங்குமாயின், எத்துணைச் சிறிய இடைவெளியைக் குறித்தாலும், ஓரிடத்துக்கு அப்பால் வரும் உறுப்புகள் யாவும் அவ்விடைவெளிக்குள் அடங்கல் வேண்டும். உள்வரிசையின் நூறாவது உறுப்பு முழுவரிசையில் நூறாவது இடத்திலேனும் அதற்கு அப்பாலேனும் நிற்பது. எனவே முழுவரிசை அடங்கினால் உள்வரிசையும் அதே எண்ணில் அடங்கியே தீரும். இரண்டு உள்வரிசைகள் இருவேறு எண்களை நாடுமாயின் முழுவரிசை எதனையும் நாடவில்லை என்பது முடிபு.

போயா வாரத்தில் உள்வரிசைகள் முரண்பட்டன. அவை ஒன்றுபட்டு ஓரெல்லையை நாடிய நிகழ்ச்சியும் உண்டு. அதனைத் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் வழங்கும் வாக்கிய பஞ்சாங்கத்திற் காணலாம்.

திங்கள் வானில் ஒரே விரைவோடு செல்வதன்று. பூமிக்கு அண்மையில் வரும்போது விரைந்தும், சேய்மையிற் செல்லும்போது தளர்ந்தும் இயங்கும். ஓர் அண்மை நிலை தொட்டு அடுத்த அண்மை நிலை வரையுள்ள காலம் சராசரியாக 27.55455 நாள் என்பது இற்றை நாட் கணிப்பு. இது முழு நாட்களில் அடங்காத எண். ஆனால் பஞ்சாங்கம் கணிப்போனுக்கு வேண்டியவை முழு நாட்களே. எத்தனை முழு நாட்களில் எத்தனை முழுச் சுற்றுகள் முடியும்? ஆரியபடர் 499ஆம் ஆண்டளவில் விளக்கிய குட்டக முறை இத்தகைய வினாவுக்கு வழிகாட்டுவது. அவ்வழியில் ஒரு சுற்றுக்குரிய நாட்கள் பின்வரும் பின்னங்களாக ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைக்கும்: 27, 28, 55/2, 248/9, 3031/110. இவற்றைத் தசமத்தில் எழுதினால் 27, 28, 27.5, 27.55556, 27.55455 என வரும்.

இவ்வெண்களை உற்று நோக்குவார்க்கு ஓர் ஒழுங்கு புலப்படும். ஒற்றை இடங்களில் நிற்பவை 27, 27.5, 27.5545… என்று ஏறுகின்றன. இரட்டை இடங்களில் நிற்பவை 28, 27.5555… என்று இறங்குகின்றன. உண்மை அளவு ஏறுவனவற்றுக்கு மேலும் இறங்குவனவற்றுக்குக் கீழுமாக இடையில் அகப்பட்டுக் கிடக்கின்றது. இரு உள்வரிசைகளும் இருபுறத்திலிருந்து ஓரிடத்தை நெருக்குகின்றன. 248 நாளை 9 சுற்றெனக் கொண்டால் நேரும் பிழை ஏறத்தாழ 13 நிமிடம். 3031 நாளை 110 சுற்றெனக் கொண்டால் பிழை ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

எனவேதான் வாக்கியக் கணிதத்தில் 248 என்னும் எண் சிறப்பிடம் பெற்றது. 248 நாட்களுக்கும் திங்களின் நிலையைத் தரும் 248 வாக்கியங்கள் யாக்கப்பட்டன. எழுத்துகளுக்கு எண்மதிப்பு வழங்கும் கடபயாதி முறையில் ஒவ்வொரு வாக்கியமும் ஓர் அளவை மறைத்து வைத்திருக்கும். முதல் வாக்கியத்தின் பெறுமானம் 12 பாகை 3 கலை. கணிப்போன் தொடக்கநாள் முதல் சென்ற நாட்றொகையினின்று 12372, 3031, 248 ஆகிய நாட்கணங்களை முறையே கழித்துச் செல்வான். எஞ்சும் நாளுக்குரிய வாக்கியத்தை நினைவிலிருந்து எடுத்துக் கூட்டுவான். இவற்றுள் 12372 என்பது 3031இன் நான்கு மடங்கோடு 248ஐக் கூட்டிப் பெற்றதே.

இம்முறை ஏட்டளவில் நின்றதன்று. சென்னையில் 1825ஆம் ஆண்டு ‘காலசங்கலிதம்’ என்னும் நூலை வெளியிட்ட ஜோன் வாரன் என்னும் அதிகாரி, புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிப்பாளர் ஒருவர் நிலத்திற் சோழிகளைப் பரப்பி, மனப்பாடஞ் செய்த வாக்கியங்களின் துணையோடு சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டியதைப் பதிவுசெய்துள்ளார். 1825 மே 31, யூன் 1 ஆகிய நாட்களின் இடையிரவில் நிகழ்ந்த கிரகணம் அது. கணிப்பில் தொடக்கம் 4 நிமிடமும், நடு 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் வழுவின. பல நூற்றாண்டுகட்கு முன் வகுத்த எண்களை மட்டும் கொண்டு, எழுத்தொன்றும் எழுதாது பெற்ற முடிபு அதுவென்பதை நினைத்தல் வேண்டும். எனினும் வழு வழுவே. தோராய எண் எத்துணை நல்லதாயினும் அஃது எல்லையன்று. காலம் நீள நீளப் பிழையும் திரளும். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் திதியிலும் நட்சத்திரத்திலும் வேறுபட்டுச் சிற்சில ஆண்டுகளில் ஒரே விழாவை இருவேறு நாட்களிற் குறிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

திங்கள் வாக்கியங்களை விகலையளவு நுட்பமாகத் திருத்தியமைத்த பேரறிஞர் சங்கமக்கிராமத்து மாதவர். ஏறத்தாழ 1340 முதல் 1425 வரை கேரளத்தில் வாழ்ந்தவர். அவர் வழிவந்தோர் அவர்க்குரியதெனக் கூறும் முடிபுகளுட் சிறந்தது வட்டத்தின் பரிதிக்கும் விட்டத்துக்குமுள்ள விகிதத்தைத் தரும் தொடராகும். நான்கினின்று நான்கின் மூன்றிலொன்றைக் கழித்து, ஐந்திலொன்றைக் கூட்டி, ஏழிலொன்றைக் கழித்து, இவ்வாறே ஒற்றை எண்களால் வகுத்துச் சென்றால் அவ்விகிதம் கிட்டும். 1530ஆம் ஆண்டளவில் ஜேஷ்டதேவர் மலையாளத்தில் இயற்றிய ‘யுக்திபாஷா’ இதற்குக் காரணமுங் காட்டுகின்றது. ஐரோப்பாவில் லைப்னிற்ஸ் இத்தொடரைக் கண்டது 1670களிலேயாம்.

இத்தொடரின் கூட்டுத்தொகைகளைப் படிப்படியாக எழுதினால் வரும் எண்வரிசை இது: 4, 2.6667, 3.4667, 2.8952, 3.3397, 2.9760, 3.2837, 3.0171. இங்கும் அதே காட்சி. ஒற்றை இடத்தவை 4, 3.4667, 3.3397, 3.2837 என இறங்குகின்றன. இரட்டை இடத்தவை 2.6667, 2.8952, 2.9760, 3.0171 என ஏறுகின்றன. அடுத்தடுத்த இரண்டுக்கும் இடையுள்ள வேறுபாடு குறைந்து குறைந்து செல்வதால் இரு உள்வரிசைகளும் ஒரே எல்லையை நாடும். ஒற்றை இடங்களும் இரட்டை இடங்களும் சேர்ந்தால் முழுவரிசையும் அடங்கிவிடுமாதலின், முழுவரிசையும் அவ்வெல்லையில் ஒருங்கும்.

ஆயினும் நடை மிக மந்தம். எட்டு உறுப்பைக் கூட்டியும் முதல் தசமவிடம் சரிவரவில்லை. மாதவர் பள்ளியார் இதனை அறிந்து, கூட்டலை நிறுத்தும் இடத்தில் ஒரு திருத்தத்தைச் சேர்த்தனர். நான்காம் உறுப்போடு நிறுத்தினால் கிடைப்பது 2.8952. அதனோடு நான்கிலொன்றைக் கூட்டினால் 3.1452 வரும். அவர்தம் அடுத்த திருத்தத்தின்படி 16/65ஐக் கூட்டினால் 3.1414 வரும். ஐந்தாம் உறுப்போடு நிறுத்தி 20/101ஐக் கழித்தால் 3.1417 வரும். இவ்வகைத் தொடர்க் கணிதத்தில் வல்லவரான மாதவர் பதினொரு தசமவிடங்களுக்குச் சரியாக அவ்விகிதத்தை உரைத்தார். மேலுள்ளது எவ்வளவு மிகை, கீழுள்ளது எவ்வளவு குறை என்று அளந்தறிந்தவரே இத்திருத்தத்தைச் செய்ய வல்லார்.

இத்துணைக் கண்டவர் கேளாது விட்ட வினா ஒன்றுண்டு. திங்களின் சுற்றுக்கு ஓர் அளவு உண்டென்பதை வானமே காட்டிற்று. பரிதிக்கு ஓர் அளவு உண்டென்பதை வட்டமே காட்டிற்று. ஆகவே அவர்தம் வரிசைகளுக்குச் சேருமிடம் முன்னரே இருந்தது. அதனை எவ்வாறு விரைந்து அணுகலாம் என்பதே அவர் வினா. சேருமிடத்தைக் காட்ட வானமும் இல்லை, வட்டமும் இல்லை என்றால், ஒரு வரிசைக்கு எல்லை உண்டென்று துணிவது எங்ஙனம்?

இவ்வினாவின் கூர்மையை ஐரோப்பியரும் உடனே உணர்ந்தாரல்லர். 1703இல் இத்தாலியரான கிராந்தி என்பார் ஒன்றைக் கூட்டியும் ஒன்றைக் கழித்தும் முடிவின்றிச் செல்லும் தொடரை ஆராய்ந்து, அதன் தொகை அரை என்றார். லைப்னிற்ஸும் அதனை ஏற்றார். கூட்டுத்தொகைகளோ 1, 0, 1, 0 என்று மாறிமாறி வருவன. ஒற்றை இடத்து உள்வரிசை 1இலும், இரட்டை இடத்து உள்வரிசை 0இலும் நிற்கின்றன. போயா வாரம் 7இலும் 8இலும் நின்றது போன்றதே இது. எல்லை என்பதற்கு வரைவிலக்கணம் இன்மையால் பேரறிஞரும் மயங்கினர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இம்மயக்கம் தெளிந்தது. பிராகா நகரத்துப் பொல்சானோ 1817இல் வெளியிட்ட சிறு நூலில், வடிவங்களின் துணையை நாடாது எண்களைக் கொண்டே மெய்ப்பித்தல் வேண்டும் என்று வற்புறுத்தி, ஓர் இடைவெளியை மீண்டும் மீண்டும் இருகூறாக்கிச் சேருமிடத்தைக் காணும் நெறியைக் கையாண்டார். பரிசு நகரத்துக் கோசி 1821இல் எல்லைக்கு வரைவிலக்கணம் கூறி, உறுப்புகள் ஒன்றையொன்று நெருங்குமாயின் வரிசை ஒருங்கும் என்னும் கட்டளையை அமைத்தார். மெய்யெண் என்பது யாது என்று 1872இல் தெதெக்கிந்தும் கன்ரரும் வரையறுத்த பின்னரே அக்கட்டளைக்கு உறுதியான அடித்தளம் கிட்டியது. பேர்லினில் விரிவுரை ஆற்றிய வயர்ஸ்திராஸ் வழியாகப் பரவிய தேற்றம் இன்று பொல்சானோவின் பெயரையும் சேர்த்து வழங்கப்படுகின்றது: வரம்புக்குள் அடங்கிய ஒவ்வோர் எண்வரிசையிலும் ஒருங்கும் உள்வரிசை ஒன்றேனும் உண்டு.

இதன் உண்மையைக் கண்டியின் மலைகளைக் கொண்டே விளக்கலாம். பேராதனைக்கு அருகே எழும் ஹந்தானை மலைத்தொடரின் முகட்டு வழியே ஒருவன் முன்னோக்கி நடக்கின்றான் என்றும், அத்தொடருக்கு முடிவில்லை என்றும் கொள்க. இடந்தோறும் உள்ள உயரமே எண்வரிசை. ஓரிடத்தில் நின்று முன்னே நோக்க, இனி வரும் இடமெல்லாம் அவ்விடத்தினும் தாழ்ந்தனவாயின் அதனைக் காட்சிமுகடு என்க. காட்சிமுகடுகள் எண்ணிறந்தன என்றால், அவற்றை மட்டும் வரிசையாக எடுக்க, ஒன்றினும் ஒன்று தாழ்ந்து செல்லும் உள்வரிசை கிட்டும். அவை சிலவே என்றால், கடைசிக் காட்சிமுகட்டைக் கடந்தபின் எங்கு நின்றாலும் அவ்விடத்தினும் தாழாத வேறோர் இடம் முன்னே இருக்கும். அதற்குச் சென்றால் அதனினும் தாழாத இன்னோர் இடம் இருக்கும். இவ்வாறு தாழாது செல்லும் உள்வரிசை கிட்டும். எவ்வாற்றானும் ஒரே போக்கில் ஏறும் அல்லது இறங்கும் உள்வரிசை உண்டு. உயரங்கள் வரம்புக்குள் அடங்கியனவாயின் அவ்வுள்வரிசை ஓரெல்லையில் அமைதல் வேண்டும். அவ்வெல்லை முன்பின் அறியாத எண்ணாகவும் இருக்கலாம். அறியாத ஒன்றை உண்டென்று நிறுவும் ஆற்றலே இங்குப் புதியது.

மாணவர் ஈண்டு வழுக்கி விழும் இடமும் இதுவே. தேற்றம் ஓர் உள்வரிசை ஒருங்கும் என்கிறதேயன்றி முழுவரிசையும் ஒருங்கும் என்று கூறவில்லை. 7, 8 கலந்த போயா வாரங்களுள் 7களை மட்டும் எடுத்துக் காட்டி, ‘வாரம் ஏழு நாளுக்கே’ என்பவன் பொய்யுரைத்தவனல்லன். ஆயினும் உண்மையை உரைத்தவனுமல்லன். தனக்கு வேண்டியவற்றைத் தெரிந்தெடுத்து முழுமையின் இயல்பு இதுவெனக் காட்டுதல் கணிதத்தில் மட்டும் நிகழும் குற்றமன்று. அக்குற்றத்தை எண்களின் வாயிலாகத் துலக்கமாகக் காட்டுதல் உள்வரிசைப் பாடத்தின் தலைசிறந்த பயனாகும்.

ஒருங்காத வரிசையிலும் பயனுண்டு என்பதையும் பிற்காலத்தார் கண்டனர். உறுப்புகளின் சராசரியை நோக்கும் முறையை 1890இல் செசாரோ ஒழுங்குபடுத்தினார். அம்முறையால் கிராந்தியின் தொடருக்கு அரை என்னும் பெறுமானம் நேரிய பொருளிற் கிடைத்தது. போயா வாரங்களும் ஒருங்கவில்லையேனும் அவற்றின் சராசரி 7.3826ஐ நாடும். இவ்வகைத் தொகைகாண் துறையிற் பெயர்பெற்றவர் சென்னை இராமாநுஜன் கணித நிலையத்தின் தலைவராயிருந்த சி. தி. இராஜகோபால். 1903இல் பிறந்து 1978இல் மறைந்த அவரே 1940கள் முதல் கேரளத்தாரின் தொடர்களை இற்றை நாட் கணித உலகுக்கு விளக்கியவருள் முதன்மையானவர். 1830களில் சார்ல்ஸ் விஷ் என்பார் அவற்றைப் பற்றி எழுதியிருந்தும் நூறாண்டுக் காலம் அஃது அறிஞர் கவனத்தைப் பெறவில்லை. பொல்சானோவின் நூலும் அவர் வாழ்நாளில் அவ்வாறே கிடந்தது. எல்லையின் நுட்பம் அறிந்த ஒருவரே பழஞ்சுவடியில் எது உண்டு, எது இல்லை என்று நடுநின்று கூறத்தக்கவர் என்பதற்கு இராஜகோபாலின் பணி சான்றாகும்.

ஆகவே எம் முன்னோர் எண்வரிசையை அறியாதவரல்லர். அதனுள் ஏறுவனவற்றையும் இறங்குவனவற்றையும் பிரித்து, நடுவில் நின்ற உண்மையை அளந்தவர். அவர்க்கு வானமும் வட்டமும் துணைநின்றன. பஞ்சாங்கத்திற் பிழை நேர்ந்தால் அடுத்த கிரகணம் அதனைக் காட்டிக் கொடுக்கும். பகுப்பாய்வு பயிலும் மாணவன் எடுத்துக்கொள்ளும் வரிசைக்கோ அத்தகைய சாட்சி யாதுமில்லை. நிரூபணம் ஒன்றே அவனுக்குச் சாட்சி. ஆதலின் ஒரு வரிசை தரப்பட்டவுடன் எல்லையைத் தேடி ஓடாது, முதற்கண் அது வரம்புடையதோ என்றும், அடுத்து அதன் உள்வரிசைகள் எவற்றை நாடுகின்றன என்றும், அவை ஒன்றுபடுகின்றனவோ முரண்படுகின்றனவோ என்றும், ஒன்றுபடுவன முழுவரிசையையும் அடக்குகின்றனவோ என்றும் முறையாக வினவப் பழகுதல் வேண்டும். இவ்வினாக்களைத் தாமே எழுப்பி விடை காணும் மாணவருக்குப் பகுப்பாய்வு அச்சந் தரும் துறையாக இராது. வாக்கியம் வகுத்த முன்னோர் தொடங்கிய ஆராய்ச்சியின் அடுத்த படியாகவே தோன்றும்.